இடது சக்கரத்தின் சத்தம்

1961 ஜனவரி 9, திங்கள்

தொடுபுழையிலிருந்து மிளகு வந்தது. மூட்டைக்குள் கையை விட்டதுமே ஈரம் தெரிந்துவிட்டது. கொண்டுவந்தவர் வெயிலில் காய்ந்தது என்று சத்தியம் செய்தார். செய்யட்டும், அது அவர் வேலை. நானும் வாங்குகிறவரும் துண்டுக்கடியில் கை கோத்து, விரலைத் தொட்டுத் தொட்டு விலை பேசினோம். சுற்றி நின்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது. கடைசியில் அவர் என் உள்ளங்கையை முழுதாக அழுத்தினார். அப்படி அழுத்தினால் படிந்துவிட்டது என்று அர்த்தம். வாயைத் திறக்காமல் ஒரு நாள் வியாபாரம் முடிந்தது. எல்லோரும் இப்போது மாடியில் கூச்சல் போட்டு விலை சொல்லும் கூடத்துக்குப் போகிறார்கள். அங்கே யார் என்ன சொல்கிறார்கள் என்றே விளங்குவதில்லை. தரகனுக்குத் துண்டு போதும்.

வீட்டில் ஜுமைலா மறுபடியும் ஆரம்பித்தாள்.

"வண்டி முனகுது. உங்களுக்குக் கேக்கலயா?"

"எங்கே முனகுது?"

"முன்னால, கீழ. அம்மியில எதையோ போட்டு அரைக்கிற மாதிரி."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கொச்சிக் கோட்டைப் பக்கம் கம்பெனி மேனேஜராக இருந்த துரை சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன கார் அது. வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வாங்கும்போதே இவளுக்குப் பிடிக்கவில்லை. பஸ்ஸும், காயலைக் கடக்கப் போட்டும் இருக்கும்போது இது எதற்கு என்றாள். இப்போது முனகுகிறதாம்.

அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி பாலக்காட்டில் தங்கை சகீலாவின் மகளுக்கு நிக்காஹ். நோன்புக்கு முன்னால் நாள் வைத்திருக்கிறார்கள். வாசலில் காரில் போய் இறங்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அதை எழுத வெட்கமாக இருந்தாலும் ஆசை ஆசைதான். ஜுமைலா சொல்லிவிட்டாள், "அந்தச் சத்தம் நிக்காம நான் இதுல ஏற மாட்டேன். நான் ரயில்ல வர்றேன், நீங்க உங்க காரோட வாங்க."

சத்தம் உண்டா, இல்லையா? இதைக் கண்டுபிடிக்காமல் விடப்போவதில்லை.

ஜனவரி 10

தோப்பும்படி வரை தனியாக ஓட்டிப் பார்த்தேன், கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒரு தடவை, இறக்கிவிட்டு ஒரு தடவை. சத்தமில்லை.

ஜனவரி 11

கூடத்துக் கடியாரத்தைக் கழற்றினேன். மணி அடிப்பது கொஞ்ச நாளாகவே மெலிந்து போயிருக்கிறது. உள்ளே சின்னச் சுத்தியலில் தூசி. துடைத்து மாட்டினேன், அப்படியேதான் அடிக்கிறது. ஜுமைலா சமையலறையிலிருந்து வந்து, "அது நல்லாத்தானே அடிச்சிட்டிருந்துச்சு, அதையும் ஏன் பிரிக்கிறீங்க" என்றாள். எதையாவது திறந்து பார்க்காவிட்டால் எனக்குக் கை ஊறும். அது அவளுக்குத் தெரியும்.

ஜனவரி 13, வெள்ளி

ஜும்மா முடிந்து வந்து அவளைக் கெஞ்சி வண்டியில் ஏற்றினேன். பரிசோதனைக்கு மட்டும் என்று சொல்லி. பின் சீட்டில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, பரீட்சை எழுத வந்தவள் போல உட்கார்ந்தாள். வெலிங்டன் தீவில் சாலைகள் அகலம், கூட்டமும் இல்லை. சத்தம் வரும்போது முதுகில் தட்டச் சொன்னேன்.

தட்டினாள். பிறகு நிறுத்தினாள். மறுபடி தட்டினாள். கொஞ்ச நேரத்தில் எனக்கு ஒன்று புலப்பட்டது. வண்டியை வலப்பக்கம் வளைக்கும்போதெல்லாம் தட்டுகிறாள், இடப்பக்கம் வளைத்தால் நிறுத்திவிடுகிறாள். சொல்லாமல் கொள்ளாமல் இப்படியும் அப்படியுமாக வளைத்துப் பார்த்தேன். ஒரு தடவைகூடத் தவறவில்லை.

பொய் சொல்கிறவள் இவ்வளவு ஒழுங்காகப் பொய் சொல்ல முடியுமா? ஆனால் சத்தம் இருந்தால் அது ஓட்டுகிறவனுக்கு ஏன் கேட்கவில்லை? எனக்கு வயது நாற்பத்துமூன்றுதான். கிழவனா நான்?

ஜனவரி 15, ஞாயிறு

சுடலைமுத்து வந்தான். துறைமுகத்தில் படகுகளுக்கு என்ஜின் வேலை பார்க்கிறவன். மட்டாஞ்சேரியில் என்னோடு தமிழ் பேசிச் சண்டை போடுகிற சிநேகிதன் அவன் ஒருவன்தான். கார் அவனுக்கும் புதிசு. ஆனால் அவனும் என்னைப் போலத்தான், மூடியிருப்பதைத் திறக்காமல் இருக்க மாட்டான்.

சந்துக்குள் ஒரு சுற்று போனோம். கொஞ்ச தூரத்திலேயே, "ராவுத்தரே, இது வீல் பேரிங்காக்கும்" என்றான். சக்கரத்துக்குள் இருக்கிற குண்டு வளையம். அது தேய்ந்தால் அரைக்குமாம், அப்படியே விட்டால் ஒரு நாள் சக்கரம் இறுகும், இல்லை கழன்று ஓடும்.

"கேக்குதில்லே?" என்றான்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. "கேக்குது" என்றேன்.

"எந்தப் பக்கம்? சந்துக்குள்ள ரெண்டு சுவத்துலயும் எதிரொலிக்குது. எனக்குப் பிடி கிடைக்கல. தெனம் ஓட்டுறது நீங்கதானே."

நான் உட்காருவது வலப்பக்கம். "வலது" என்றேன். சொன்னதும் ஒரு நிம்மதி. இப்போது நானும் சத்தத்தைக் கேட்டவர்கள் கூட்டத்தில் சேர்ந்துவிட்டேன்.

ஒர்க்‌ஷாப்பில் விட்டால் நிக்காஹ் முடிந்துதான் வண்டி கிடைக்கும். நாமே மாற்றலாம் என்றான் முத்து. எனக்கு அது போதும்.

ஜனவரி 18, புதன்

போட்டில் எர்ணாகுளம் போய் பேரிங் வாங்கிவந்தேன். ஒரு சக்கரத்துக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. முத்து சொன்னபடி இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்தே வாங்கினேன். மெழுகுத்தாளைப் பிரித்தால் அவ்வளவு அழகு. ஒரு வளையத்துக்குள் இன்னொரு வளையம், நடுவில் எஃகுக் குண்டுகள். உள்வளையத்தை விரலில் மாட்டி வெளிவளையத்தைச் சுண்டினால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. விரலுக்கு ஒன்றுமே தெரியவில்லை. சுற்றுகிறதா நிற்கிறதா என்று கண்ணால் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இத்தனை பாரத்தையும் இந்தக் குண்டுகளா தாங்குகின்றன? போட்டில் வரும் வழியெல்லாம் சுண்டிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் வாங்கித் தானும் சுண்டிப் பார்த்தார். அவருக்கும் திருப்பித் தர மனசில்லை.

ஜனவரி 22, ஞாயிறு

வலது சக்கரம் முடிந்தது.

வீட்டை ஒட்டிய கிடங்கு முற்றத்தில் சுக்கு காயப் போடும் பாய்களைச் சுருட்டிவிட்டு இடம் பண்ணினோம். சுக்குக்குப் பூசுகிற சுண்ணாம்புத்தூள் கிடக்கும், அது பேரிங்கில் விழுந்தால் போச்சு என்று முத்து தண்ணீர் தெளித்து இரண்டு தரம் பெருக்கச் சொன்னான். பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றினோம். நடுவில் ஒரு சின்ன மூடி. அதற்குள் கிரீஸ், கிரீஸுக்குள் பெரிய நட்டு, நட்டு சுழலாமல் குறுக்கே ஒரு பின். ஒவ்வொன்றையும் எடுத்த வரிசையில் துணியில் பரப்பினேன். முத்து துறைமுகத்திலிருந்து கொண்டுவந்த புல்லர் என்ற இழுவைக் கவ்வியை மாட்டித் திருகியதும், சக்கரம் பொருந்தும் நடுக்குடமான ஹப் 'டக்'கென்று கழன்று கையில் வந்தது. பழைய பேரிங்குகளைத் தட்டி எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவிவிட்டு, புதியதைக் கிரீஸ் அடைத்து இறக்கினோம். கிரீஸை உள்ளங்கையில் வைத்து பேரிங்கை அதில் அழுத்தி அழுத்தி ஊட்ட வேண்டும், மறுபக்கம் பிதுங்கி வரும்வரை. எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது.

முத்து கழுவிய பழைய பேரிங்கை வெளிச்சத்தில் பிடித்துச் சுற்றிப் பார்த்தான். "இது நல்லாத்தானே இருக்கு ராவுத்தரே."

"கண்ணுக்குத் தெரியாத தேய்மானமா இருக்கும்" என்றேன்.

அதைத் துணியில் சுற்றித் தனியாக எடுத்து வைத்தான். ஜுமைலா சாயா கொண்டுவந்து வைத்துவிட்டு, என் சட்டையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு போனாள்.

ஜனவரி 23

அவளை ஏற்றிக்கொண்டு தீவுக்குப் போனேன். முதல் வளைவிலேயே முதுகில் தட்டினாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. வண்டியை ஓரம் கட்டிவிட்டு, "உனக்குச் சத்தமும் இல்லை ஒண்ணும் இல்லை. காரே பிடிக்காது, அதான்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் நாலு பேர் மாதிரி இருப்பது உனக்கு ஆகாது, அது இது என்று வாய்க்கு வந்ததெல்லாம். அவள் ஏதோ சொன்னாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. திரும்பிக் கேட்கவில்லை நான்.

ஜனவரி 26

குடியரசு நாள், கிடங்கு விடுமுறை. வீடு அமைதியாக இருக்கிறது. நல்லதாகப் போயிற்று.

ஜனவரி 27, வெள்ளி

சமையலுக்கு வருகிற மாயம்மாள் என் எதிரில் வந்து நின்று, "அம்மா உங்களோட பேசறதே இல்லயே, என்ன ஆச்சு?" என்றாள்.

பேசவில்லையா? எப்போதிலிருந்து?

திங்கட்கிழமையிலிருந்தாம்.

நான் அதைக் கவனிக்கவே இல்லை. எப்படிக் கவனிக்காமல் இருந்தேன்? சோறு வந்தது, சாயா வந்தது, வெளுத்த சட்டை வந்தது. குரல் வராதது எனக்குத் தெரியவில்லை. பதினெட்டு வருஷம் கூட வாழ்ந்தவள் நாலு நாள் பேசாமலிருந்தாள். அதுவும் எனக்கு வேறெந்த நாளையும் போலத்தான் இருந்திருக்கிறது.

ஜனவரி 29, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததைச் சரியாக எழுதி வைக்க வேண்டும்.

வலப்பக்கம் வளைக்கும்போது பாரம் இடது சக்கரத்தில்தானே சாயும், அது இப்போதுதான் என் புத்தியில் பட்டது. முத்துவிடம், இடது சக்கரத்தையும் பார்த்துவிடுவோம் என்றேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை. ஜாக்கி போட்டுத் தூக்கியதும், கழற்றுவதற்கு முன்னால் சக்கரத்தைக் கையால் வேகமாகச் சுழற்றினான். "எப்பா, இதுவாக்கும் கள்ளன். என்ன அரைப்பு" என்றான். சக்கரம் என் மூக்குக்கு முன்னால் சுற்றுகிறது. எனக்குக் காற்றுதான் வந்தது.

"இந்த ஸ்பிரிங் மேல கை வையுங்க" என்றான்.

வைத்தேன். அவன் மறுபடி சுழற்றினான். விரல் நுனிகளில் வந்தது. மணலில் கையை விட்டு அளைவது போல நறநறவென்று. வலது சக்கரத்தையும் தூக்கிச் சுழற்றச் சொல்லிக் கை வைத்துப் பார்த்தேன். அங்கே வழவழவென்று இருந்தது. திரும்ப வந்து இடதில் வைத்தேன். நறநற. சந்தேகமே இல்லை. என் விரல் பொய் சொல்லாது, அதை நம்பித்தான் இத்தனை வருஷம் பிழைத்திருக்கிறேன்.

"படகு என்ஜினுக்கு நாங்க இப்படிப் பாப்போம்" என்று முத்து நீளமான ஸ்குரூடிரைவரை எடுத்து, நுனியை ஹப்புக்குப் பின்னால் ஊன்றி, பிடியைத் தன் காதில் ஒட்டவைத்துக் கேட்டான். பிறகு என்னிடம் கொடுத்தான். நான் பிடியைக் காதுத் துளையில் வைக்காமல் தவறுதலாகக் காதுக்குப் பின்னாலுள்ள எலும்பில் அழுத்திவிட்டேன். அவன் சக்கரத்தைச் சுழற்றினான்.

கேட்டது.

எவ்வளவு பெரிய சத்தம். அம்மியில் மிளகு நசுங்குகிற சத்தம், தலைக்குள்ளேயே. அவள் சொன்ன அதே சத்தம். ஸ்குரூடிரைவரை எடுத்தேன், போய்விட்டது. எலும்பில் வைத்தேன், வந்தது. எடுத்தேன், போய்விட்டது. முத்து சிரித்துக்கொண்டே சுழற்றிக்கொண்டிருந்தான், நான் விளையாடுகிறேன் என்று நினைத்து. நான் விளையாடவில்லை.

சத்தம் உண்டு. எப்போதுமே இருந்திருக்கிறது. எலும்புக்குக் கேட்பது காதுக்கு ஏன் கேட்கவில்லை?

அப்புறம் வேலை. நட்டு அசையவே இல்லை. குழாயை மாட்டி நெம்பி, மூச்சு வாங்கி, கடைசியில்தான் முத்துவுக்கு உறைத்தது, இந்தப் பக்கத்து நட்டுக்குத் திருகு எதிர்த்திசை. நாங்கள் இருவரும் மல்லுக்கட்டி இறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறோம். மாற்றித் திருப்பியதும் வந்துவிட்டது. உள்ளே கிரீஸ் கறுத்து, அதில் எஃகுத்தூள் மினுமினுத்தது. குண்டுகளில் அம்மை வடு. புதியதைப் போட்டு மூடினோம். முத்துவிடம் அன்றைக்கு நான் 'வலது' என்றது பொய் என்று சொல்லிவிட்டேன். அவன் கைகளைத் துடைத்துக்கொண்டு, "அன்னைக்கே தெரியும். நல்ல பேரிங்கைப் பாத்தப்பவே தெரியும்" என்றான். காதைப் பற்றிச் சொல்லவில்லை. அதை முதலில் சொல்ல வேண்டிய இடம் வேறு.

ஜனவரி 30, திங்கள்

கைக்கடியாரத்தைக் காதில் வைத்தேன், இல்லை. பல்லால் கடித்தேன், டிக் டிக். நெற்றியில் வைத்தேன், டிக் டிக். அதிசயமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. ஆனால் அதிசயம்தான் முன்னால் நின்றது. கூடத்துக் கடியாரத்தைக் கழற்றித் தலையோடு அணைத்துக்கொண்டு மணி அடிக்கும்வரை நின்றேன். பதினொன்று. ஒவ்வொரு அடியும் மண்டைக்குள் விழுந்தது. அது மெலியவே இல்லை, பாவம். அதையும் வீணாகக் கழற்றியிருக்கிறேன்.

கண்ணைத் திறந்தால் எதிரில் ஜுமைலா. கடியாரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனைப் பார்த்தால் யாருக்கும் கேட்காமல் இருக்க முடியாது. வாய் அசைந்தது. ஒரு வாரத்துக்குப் பின் முதல் பேச்சு, எனக்கு அது விழவில்லை.

"எனக்குக் கேக்கல ஜுமைலா" என்றேன். "வண்டி மட்டும் இல்ல. நீ இப்ப சொன்னதும்."

அவள் கிட்டே வந்தாள். கடியாரத்தை வாங்கிக் கீழே வைத்தாள். சத்தமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"நான் கூப்பிடறப்ப திரும்பாம போறீங்களே, அது?"

"கேக்கல."

"ராத்திரி நான் சொல்றதுக்கெல்லாம் வெறுமனே ஊம் ஊம்னு?"

"கேக்கல."

"வேணும்னே செய்றீங்கன்னு நெனச்சேன். ரெண்டு வருஷமா. என்னைப் பிடிக்காம போச்சுன்னு நெனச்சேன்."

அழுதாள். நானும்தான். வண்டி முனகினால் ஜாக்கி போட்டுத் தூக்கிப் பார்க்கிறேன். இவள் இரண்டு வருஷம் உள்ளுக்குள் அரைபட்டிருக்கிறாள், நான் ஒரு தடவை திரும்பிப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 1

தீவுக்குப் போனோம். வலப்பக்கம் வளைத்தேன், இடப்பக்கம் வளைத்தேன். முதுகில் தட்டு விழவில்லை. நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். கையை விரித்துக் காட்டினாள், ஒன்றுமில்லை என்று. எனக்கு முன்பும் சத்தமில்லை, இப்போதும் சத்தமில்லை. அவள் முகத்தைப் பார்த்துத்தான் பேரிங் மாறியது தெரிந்தது.

பிப்ரவரி 6, திங்கள்

எர்ணாகுளத்தில் காது டாக்டர். அவரும் முத்துவைப் போலத்தான், எதையும் துருவிப் பார்க்கிறவர். இரும்புக் கவட்டை ஒன்றைத் தட்டிக் காதருகே வைத்தார், இல்லை. எலும்பில் வைத்தார், நன்றாகக் கேட்டது. "இதை நான் ஸ்குரூடிரைவரில் பார்த்துவிட்டேன்" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எப்படி என்று விவரமாகக் கேட்டார்.

காதுக்குள் அரிசியைவிடச் சின்ன எலும்பு ஒன்று இருக்கிறதாம். சத்தம் வந்தால் அது ஆட வேண்டும். எனக்கு அது இறுகிவிட்டது, இரண்டு பக்கமும். நரம்பு நன்றாக இருக்கிறது.

"கிரீஸ் போட முடியாதா டாக்டர்?" என்றேன். டாக்டர் சிரிக்கவில்லை. ஜுமைலா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது.

ஆபரேஷன் செய்கிறவர்கள் தூரத்தில் இருக்கிறார்கள், எல்லோருக்கும் சரியாவதில்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்றார். யோசிக்கிறேன். அந்த எலும்பை ஒரு தடவை பார்க்க வேண்டும் போலிருக்கிறது. என்னுடையதை அல்ல, யாருடையதையாவது.

வண்டி ஓட்டலாமா என்று ஜுமைலாதான் கேட்டாள். பக்கத்தில் காது கேட்கிறவர் யாராவது இருந்தால் நல்லது என்றார்.

பிப்ரவரி 8

துண்டு பாஷையை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். தரகர்கள் வீட்டில் சொல்லக்கூடாது என்பார்கள். சொல்லிவிட்டேன். எங்களுக்குத் தேவையானபடி மாற்றிக்கொண்டோம். ஒரு விரலைத் தொட்டால் பின்னால் ஹாரன். இரண்டு என்றால் ஒதுங்கு. மூன்று என்றால் வண்டியில் புதுச் சத்தம். எல்லாம் முடிந்ததும், "உள்ளங்கையை அழுத்தினா?" என்று கேட்டாள். அது விலை படிந்தால் அழுத்துவது, நமக்கு வேண்டாம் என்றேன்.

பிப்ரவரி 10, வெள்ளி – பாலக்காடு

விடியற்காலை கிளம்பினோம். ஜுமைலா முன் சீட்டில். கியர் மேல் இருக்கும் என் இடது கையில் துண்டைப் போர்த்து, அதற்கடியில் அவள் கை. இடப்பள்ளி தாண்டியதும் ஒரு விரல், உடனே இரண்டு. ஒதுங்கினேன். லாரி ஒன்று உரசிக்கொண்டு முன்னால் போயிற்று. அவள் இல்லாவிட்டால் அது எனக்குத் தெரிந்திருக்காது. இத்தனை மாதம் எப்படி ஓட்டினேன்?

சகீலா வீட்டு வாசலில் போய் இறங்கினோம். காரை யாரும் பார்க்கவில்லை. பெண்பிள்ளை முன் சீட்டில் உட்கார்ந்து வந்ததைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். "எந்தா மதினி, பின்னால இடமில்லயா?" என்றாள் சகீலா. "பின்னால இருந்தா வழி தெரியல" என்றாள் ஜுமைலா.

பிப்ரவரி 12

நிக்காஹ் நல்லபடி முடிந்தது. மாப்பிள்ளை 'கபூல்' என்று சம்மதம் சொன்னது எனக்கு விழவில்லை. ஜுமைலா பெண்கள் பக்கம் இருந்தாள். சபையில் எல்லார் முகமும் ஒரே சமயத்தில் மலர்ந்ததைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். சாப்பாட்டின்போது சகீலாவிடம் காதைப் பற்றிச் சொல்லிவிட்டேன். சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

பிப்ரவரி 13, திங்கள் – மட்டாஞ்சேரி

திரும்பி வந்துவிட்டோம். வந்ததும் நான்கு சக்கரத்தையும் தொட்டுப் பார்த்தேன். முன்சக்கரங்கள் இரண்டும் வெதுவெதுப்புத்தான், சூடில்லை. முத்துவிடம் சொல்ல வேண்டும்.

வழியில் ஒன்று நடந்தது. ஆலுவாய்க்கு இப்பால், மாலை வெயில், சாலையில் ஆளில்லை. துண்டுக்கடியில் அவள் என் உள்ளங்கையை அழுத்தினாள். முழுதாக, விடாமல். விரல் தவறிவிட்டது, ஒதுங்கத்தான் சொல்கிறாள் என்று வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் பின்னால் பார்த்தேன். ஒரு வண்டியும் இல்லை. அவளைப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை எடுக்கவில்லை.